பார்க்கவில்லை வேறு, இல்லை வேறு

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"அக்கா, எனக்கு வயது 24. இங்கே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். வனவியலில் டிப்ளோமா முடித்து, சுற்றுச்சூழல் ஆய்வு செய்யும் ஒரு நிறுவனத்தில் களப்பணி உதவியாளராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் வெள்ளீயம் எடுக்கச் சுரங்கம் வரப்போகிறது. அந்த இடத்தின் செடிகொடிகளையும் விலங்குகளையும் ஆய்வு செய்யும் வேலை எங்கள் குழுவுக்கே வந்திருக்கிறது. கொடுத்திருப்பது ஐந்து நாள். பாதி செம்பனை, கொஞ்சம் கைவிட்ட ரப்பர், ஒரு ஓடை, ஒரு சின்னச் சுண்ணாம்புக் குன்று, அதற்கு அப்பால் மலைக்காடு. குன்றடியில்தான் எங்கள் முனியாண்டி கோவில். 'எல்லாம் வெறும் பெலுக்கார் (காடு அழிந்த இடத்தில் முளைத்த புதர்), பெரிதாக ஒன்றும் இருக்காது' என்கிறார் குழுத் தலைவர். அப்பா அங்கே முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். தாப்பிர் என்ற கறுப்பு வெள்ளைக் காட்டு விலங்கைப் பார்த்திருக்கிறாராம், குன்றின் குகையில் வௌவால் ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம். அவர் சொல்வதை அறிக்கையில் சேர்க்க முடியுமா? ஐந்து நாள் போதுமா? தோட்டத்து ஜனங்கள் சுரங்கத்தால் வேலை கிடைக்கும் என்று காத்திருக்கிறார்கள். நான் எதையாவது எழுதப்போய்த் திட்டம் நின்றுவிட்டால் எங்கள் வீட்டை என்ன சொல்வார்கள் என்றும் பயமாக இருக்கிறது."

தம்பி, ஐந்து நாள் போதாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஐந்து நாளிலும் ஒழுங்கான வேலை செய்யலாம். அந்த ஐந்து நாளைப் பற்றி அறிக்கையில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'தேடினோம், தென்படவில்லை' என்று எழுத ஐந்து நாள் போதும். 'இங்கே இல்லை' என்று எழுத ஐந்து மாதம்கூடப் போதாமல் போகலாம்.

நான் இந்த வேலைக்கு வந்த மூன்றாவது வருடம் நடந்ததைச் சொல்கிறேன். பகாங்கில் ஒரு மலைச்சரிவு. நான்கு நாள் ஆய்வு, அதில் இரண்டரை நாள் மழை. பழைய மரவெட்டுப் பாதை எங்கே போனதோ அங்கேயே நாங்களும் போனோம். கூட வந்த ஓராங் அஸ்லிப் பூர்வகுடிப் பெரியவர் இடதுபக்க ஓடையைக் காட்டி, அங்கே ஒரு சீரா இருக்கிறது, விலங்குகள் உப்பு மண் தின்ன வரும் என்றார். நேரமில்லை என்று திரும்பிவிட்டோம். 'பெரிய பாலூட்டிகள் பதிவாகவில்லை' என்று நான் எழுதினேன். அறிக்கை கைமாறக் கைமாற அந்த வரி சுருங்கிக்கொண்டே வந்து, கடைசிப் பிரதியில் 'பெரிய பாலூட்டிகள் இல்லை' என்று நின்றது. அடுத்த வருடம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஓடையோரமாக நடந்து பார்த்தேன். சேறு முழுக்கத் தாப்பிர், மான் தடங்கள். நாங்கள் நடந்த பாதையிலிருந்து முந்நூறு மீட்டர்கூட இருக்காது. அதற்குள் சரிவில் பாதி மொட்டையாகிவிட்டிருந்தது. அந்த வரியை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

அதனால், விலங்கின் பெயரை எழுதும் அதே அக்கறையோடு தேடிய அளவையும் நோட்டில் எழுதுங்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தீர்கள், எத்தனை பேர், மழையா வெயிலா. விலங்கு நடந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமராவுக்குக் கணக்கு சுலபம். பத்து கேமராவை ஐந்து இரவு வைத்தால் 50 கேமரா இரவுகள். இருபது கேமராவை அறுபது இரவு வைத்தால் 1,200. ஒரு தாப்பிர் ஒரு பாதையில் மாதத்துக்கு ஒருமுறை நடந்தால், ஐந்து இரவில் அது படத்தில் விழுவது அதிர்ஷ்டம். தீபகற்பம் முழுவதிலும் மலாயாப் புலி 150-க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. அவ்வளவு அரிய ஒன்றை ஐந்து இரவில் காணவில்லை என்றால், அதிலிருந்து எதுவும் தெரியவராது.

இங்கே உங்கள் தலைவரிடம் கேட்கக்கூடிய ஒன்று இருக்கிறது. குழு ஐந்தாம் நாள் திரும்பட்டும், கேமராக்கள் அங்கேயே இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்து ஒருவர் போய் எடுத்துவந்தால் போதும். நீங்கள் உள்ளூர்க்காரர், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். முழங்கால் உயரத்தில் கட்டுங்கள், முன்னால் ஆடும் இலைகளை வெட்டிவிடுங்கள், காலை மாலை வெயில் லென்ஸில் விழாத திசையில் வையுங்கள். இல்லையென்றால் ஆயிரம் படத்தில் தொள்ளாயிரம் வெறும் இலையாக இருக்கும்.

அப்புறம் பருவம். பேராக்கில் ஏப்ரல், மே ஒட்டியும் அக்டோபர், நவம்பர் ஒட்டியும் மழை கூடும். தவளைகளைத் தேட மழைக்கால இரவுதான் சரி. வலசைப் பறவைகள் செப்டம்பரில் வரத் தொடங்கி ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும். ஜூலையில் ஐந்து நாள் ஆய்வு செய்து பறவைப் பட்டியல் போட்டால், பாதி விருந்தாளிகள் வராத கல்யாணத்தில் தலை எண்ணிய மாதிரிதான். ஒரே பயணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதைவிட, மறுபருவத்தில் இரண்டு மூன்று நாள் கூடக் கேளுங்கள். கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் கேட்டதற்கு எழுத்தில் சாட்சி இருக்கவேண்டும்.

செடிகொடி ஆய்வுக்கு வருவோம். 'பெலுக்கார்' என்ற ஒரே சொல்லில் அடக்கப் பார்க்கும் இடத்தில், உங்கள் கடிதத்தின்படியே குறைந்தது ஐந்து வகை நிலம் இருக்கிறது. செம்பனை, பழைய ரப்பர், ஓடைக்கரை, சுண்ணாம்புக் குன்று, மலைக்காடு. குன்றும் காடும் பெலுக்காரே இல்லை. களத்துக்குப் போகுமுன் செயற்கைக்கோள் படத்தில் இந்த ஐந்தையும் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் கட்டங்கள் விழவேண்டும். வண்டி நிறுத்த வசதியான இடத்திலேயே எல்லாக் கட்டங்களையும் போடுவது எங்கள் தொழிலில் பழகிப்போன தப்பு.

வழக்கமாக 20 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டம். அதற்குள் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் குறுக்களவுள்ள மரம் ஒவ்வொன்றையும் அளந்து எண் கட்டவேண்டும். பலகைவேர் அதைவிட உயரமாக ஏறியிருந்தால் வேருக்கு மேலே அளக்கவேண்டும். உள்ளே சின்னக் கட்டம் போட்டு இளமரங்களையும் நாற்றுகளையும் எண்ணுங்கள். பெரிய மரங்கள் நேற்றைய காட்டைச் சொல்லும், நாற்றுகள்தான் நாளைக்கு என்ன வரும் என்று சொல்லும். கைவிட்ட ரப்பருக்கு இது ரொம்ப முக்கியம். மேலே பார்த்தால் ரப்பர் மரம்தான் தெரியும். கீழே காட்டு மர நாற்றுகள் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தால், அந்தத் தோட்டம் காடாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

போதுமான கட்டங்கள் போட்டாயிற்றா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகக் கிடைத்த இனங்கள் எத்தனை என்று கூட்டிக்கொண்டே போங்கள். முதல் கட்டத்தில் முப்பது, இரண்டாவதில் புதிதாகப் பதினெட்டு, அப்புறம் பத்து, ஐந்து, இரண்டு என்று குறைந்தால் நிறுத்தலாம். கடைசிக் கட்டத்திலும் பத்துப் பதினைந்து புதிதாக வந்தால் இன்னும் பாதி இடம்கூடப் பார்க்கவில்லை. இந்த எண்ணிக்கையை ஒரு கோடாக வரைந்து அறிக்கையில் வைத்துவிட்டால், ஐந்து நாள் போதுமா என்ற கேள்விக்கு அதுவே பதில் சொல்லும். தலைவரோடு நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

பெயரில் கவனம். ஒரு காட்டு மரத்தைப் பார்த்து வெறுமனே மெராந்தி என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் இருக்கின்றன, சில சாதாரணம், சில அழிவின் விளிம்பில். தீபகற்பத்தின் மெராந்தி, கெருயிங், செங்கால் குடும்பத்துக்கு கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் 2010-இல், எந்த இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் சிவப்புப் பட்டியல் வெளியிட்டது. அதில் ஒப்பிட வேண்டுமானால் சரியான இனப்பெயர் தேவை. இந்தக் குடும்பத்து மரங்கள் சில வருடங்களுக்கு ஒருமுறைதான் ஒன்றுசேர்ந்து பூக்கும். அதனால் பூவுக்குக் காத்திராமல் இலை, பட்டை, பிசின் மூன்றையும் குறித்து, இலைக்கிளையை நாளிதழுக்குள் அழுத்திக் கொண்டுவந்து தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தச் சுண்ணாம்புக் குன்று. தீபகற்பத்தின் நிலப்பரப்பில் சுண்ணாம்புக் குன்றுகள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் அவற்றில் 1,200-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியிருக்கின்றன. சுற்றிலும் புளிப்பு மண், நடுவில் சுண்ணாம்பு. கடல் நடுவே தீவு மாதிரி ஒவ்வொரு குன்றும் தனித்து நிற்கிறது. பறக்கவும் நீந்தவும் முடியாத சின்ன உயிர்கள் அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, வேறெங்கும் இல்லாத இனமாக மாறிவிடுகின்றன. குவாந்தான் பக்கம் புக்கிட் பாஞ்சிங்கில் ஒரு நத்தை இருந்தது, பிளெக்டோஸ்டோமா சயாஃபிலம் என்று பெயர். அந்த ஒரு குன்றில் மட்டும்தான் இருந்தது. சுண்ணாம்புக்காகக் குன்றை வெட்டித் தீர்த்தார்கள், நத்தையும் உலகத்திலிருந்தே போய்விட்டது. உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத செம்மோர் பக்கம் குனோங் கந்தானில் அந்தக் குன்றின் பெயரையே தாங்கிய ஒரு சிலந்தி இருக்கிறது, லிஃபிஸ்டியஸ் கந்தான். ஈயம் எடுப்பவர்களுக்கு உங்கள் குன்றே தேவைப்படாமல் இருக்கலாம். பக்கத்தில் பள்ளம் தோண்டினாலும் நீர்மட்டம் இறங்கலாம், குகை காய்ந்து போகலாம். ஆகவே குன்று சுரங்க எல்லைக்கு வெளியே இருந்தாலும் ஆய்வுக்குள் இருக்கவேண்டும்.

நத்தை தேடப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். பாறையடியில் இலைமக்கும் மண்ணையும் அள்ளி, காயவைத்துச் சலித்து, வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்குங்கள். மண் கீழே போகும், வெற்று ஓடுகள் மிதக்கும். அரிசிமணியைவிடச் சின்னதாக இருக்கும், வடிகட்டி எடுத்துக் குப்பியில் போட்டு இடத்தையும் தேதியையும் எழுதுங்கள். கோவில் பக்கம் தினமும் பெருக்குவார்கள், அங்கே கிடைக்காது. குன்றின் பின்புறம் பாருங்கள்.

வௌவாலுக்குச் சாயங்காலம் குகைவாய்க்கு எதிரே சற்றுத் தள்ளி உட்கார்ந்து, வெளியேறும் கூட்டத்தை வீடியோ எடுங்கள். குகைகளில் தங்கும் தேன் வௌவால் ஒன்று உண்டு. டுரியான் பூ மாலையில் விரிந்து இரவில் பூத்திருக்கும், அதற்கு மகரந்தம் சுமப்பவற்றில் முக்கியமானது இந்த வௌவால்தான். பெத்தாய் மரமும் வௌவாலை நம்பித்தான் காய்க்கிறது. ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறந்துவிட்டு விடியுமுன் குகைக்குத் திரும்பிவிடும். சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் டுரியான் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குகை எவ்வளவு சொந்தம் என்று அவர்களுக்கே தெரியாது. உங்கள் குகையில் இருப்பது அதே இனமா என்பதைப் பிடித்துப் பார்த்துத்தான் சொல்லமுடியும். வலை வைக்க வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி வேண்டும், அது உங்கள் குழுவிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனால் முகமூடி கட்டாயம். வௌவால் எச்சத்தில் வளரும் பூஞ்சை நுரையீரலைத் தாக்கும்.

அடுத்தது அப்பா. தாராளமாக அறிக்கையில் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். ஒரு பால்வெட்டுக்காரர் வேலை செய்யும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். விடியுமுன், தலையில் விளக்கு, காலில் செருப்புச் சத்தம்கூட இல்லாமல் வரிசை வரிசையாக நடை. தாப்பிரும் எறும்புத்தின்னியும் வெளியே உலாவும் நேரம் அதுதான். எங்கள் குழுக்கள் ஏழு மணிக்கு ரொட்டிச் சானாய் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குக் காட்டுக்குள் நுழையும். உங்கள் அப்பா முப்பது வருடம் அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் அங்கே இருந்திருக்கிறார். எந்தக் கேமராவுக்கும் அவ்வளவு இரவு கிடையாது.

ஆனால் 'உள்ளூர் மக்கள் தாப்பிர் இருப்பதாகக் கூறுகின்றனர்' என்று ஒரு வரியில் முடித்தால் அதைப் படிப்பவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அப்பாவை அந்த இடத்துக்கே அழைத்துப் போங்கள். எங்கே நின்று பார்த்தார், ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். கடைசியாக எந்த வருடம், எந்த மாதம்? அவருக்குத் தேதி ஞாபகமிருக்காது, 'உன் அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி', 'தைப்பூசம் கழிச்சு' என்பார். அதுவே போதும், அதை வைத்து நீங்கள் வருடம் கண்டுபிடிக்கலாம். விலங்கின் பெயரை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், படங்களைக் கலந்து வைத்து அவரே எடுக்கட்டும். தடம் கிடைத்தால் விரலை எண்ணுங்கள். தாப்பிருக்கு முன்காலில் நான்கு, பின்காலில் மூன்று. பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். நேரில் பார்த்தது, தடம், பிறர் சொன்னது என்று மூன்று பத்தி வைத்த அட்டவணையில் எல்லாம் போகட்டும். இவர் உங்கள் அப்பா என்பதையும் தலைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மறைத்தால் பின்னால் அதையே காரணமாக்கி எல்லாவற்றையும் ஒதுக்குவார்கள். அப்பாவோடு வெட்டிய இன்னும் நாலு பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள். மேலே தெமியார் பூர்வகுடிக் கிராமத்து மக்கள் அந்தக் காட்டுக்கு வந்து போகிறவர்களாக இருந்தால், கிராமத் தலைவரிடம் முறையாக அனுமதி கேட்டுவிட்டு அவர்களிடமும் பேசுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எறும்புத்தின்னி வளை, தாப்பிர் வரும் இடம் ஆகியவற்றின் துல்லியமான இடக்குறியீடுகள் பொதுப் பார்வைக்குப் போகும் பிரதியில் வரக்கூடாது. கண்ணி வைப்பவர்களும் படிப்பார்கள். அதிகாரிகளுக்கான பிரதியில் மட்டும் இருக்கட்டும்.

செம்பனைப் பகுதியில் ஒரு காலையும் ஒரு இரவும் போதும். எலி தின்ன வரும் காட்டுப்பூனை, கூகை, பாம்புகள் கிடைக்கும். ஓடையில் சுரங்கம் வரப்போகும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் மீனும் நீர்ப்பூச்சியும் எடுங்கள். நாளைக்குத் தண்ணீர் கலங்கினால் ஒப்பிட மேல்பக்கக் கணக்கு வேண்டும்.

தலைவர் விஷயம். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து நாளுக்குப் பணம் வாங்கிய வேலையை ஐந்து நாளில் முடிக்கப் பார்க்கிறார். அவரோடு சண்டை வேண்டாம். ஆய்வின் வரம்புகள் என்று ஒரு பகுதி எழுதித் தருகிறேன் என்று நீங்களே முன்வாருங்கள். எந்தப் பருவம் விடுபட்டது, எத்தனை கேமரா இரவு, எந்தச் சரிவுக்குப் போகமுடியவில்லை. அதில் கையெழுத்திடும் நிபுணருக்கும் அது பாதுகாப்பு. அவர் சுற்றுச்சூழல் துறையில் பதிவு பெற்றவர், பின்னால் கேள்வி வந்தால் அவர்தான் பதில் சொல்லவேண்டும். உங்கள் களநோட்டின் பக்கங்களை அன்றன்றைக்கே படம் எடுத்துக் குழுவின் கோப்பில் போட்டுவையுங்கள். பதிவான ஒன்றை நீக்கச் சொன்னால் வாய்வார்த்தையில் விடாதீர்கள், காரணத்தை மின்னஞ்சலில் கேளுங்கள்.

நம் நாட்டில் 1974-ஆம் வருடச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1988-லிருந்து குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயம். 2015 உத்தரவில் இரண்டாம் அட்டவணையில் வரும் திட்டங்களின் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். உங்கள் சுரங்கம் எந்த அட்டவணையில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். குவாந்தானில் 2014-க்குப் பிறகு பாக்சைட் தோண்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். ரோடும் வீடும் ஆறும் சிவந்து, 2016 ஜனவரியில் அரசாங்கமே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. முதலில் தோண்டி, பிறகு பார்க்கப்போனால் அப்படித்தான் முடியும்.

கடைசியாக உங்கள் பயம். தோட்டத்து ஜனங்கள் வேலைக்குக் காத்திருப்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நம் ஆட்கள் எத்தனை பேர் தோட்டத்தில் மிச்சம் இருக்கிறார்கள், எத்தனை வீட்டில் பிள்ளைகள் கோலாலம்பூருக்குப் போய்விட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு களப்பணியாளர் எழுதும் பட்டியல் தனியாக ஒரு திட்டத்தை நிறுத்தாது. நடப்பது பெரும்பாலும் வேறு. எல்லைக்கோட்டைக் குன்றிலிருந்து தள்ளி வரைவார்கள், ஓடையின் இரு கரையிலும் மரங்களை விடுவார்கள், விலங்கு கடக்கும் சரிவைத் தொடாமல் செம்பனைப் பக்கமிருந்து தோண்டுவார்கள். வேலையும் இருக்கும், குன்றும் இருக்கும். அப்படி வரைய அவர்களுக்கு ஒரு வரைபடம் வேண்டும், அதைத்தான் நீங்கள் தரப்போகிறீர்கள்.

சுரங்கம் முடிந்ததும் எல்லாம் தானாகத் திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம் பேராக்கிலேயே உள்ள பத்து காஜா ஊரைக் காட்டுங்கள். 1985-இல் ஈய விலை விழுந்ததும் அந்த ஊர் இருக்கும் கிந்தாப் பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. அந்த ஈயக்குட்டைகளில் சில இன்று கொக்கும் நாரையும் கூடு கட்டும் இடமாகியிருக்கின்றன, அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வந்தது நீர்ப்பறவைகள். மணல்மேட்டில் இன்னும் லாலாங் புல்தான் பல இடத்தில். மெராந்தி வரவில்லை.

கோவிலில் கூடும்போது ஜனங்களிடம் நீங்களே பேசுங்கள், வேறு யார் வாயிலிருந்தோ கேட்கவேண்டாம். டுரியானையும் வௌவாலையும் முதலில் சொல்லுங்கள், தாப்பிரை அப்புறம் சொல்லலாம். களத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், பழைய ஈயப் பள்ளங்கள் புல்லுக்குள் மறைந்திருக்கும். அட்டைக்குக் காலுறை, அப்பாவுக்கும் ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். அவரை அழைத்துப் போகும் நாளில் மட்டும் எட்டரைக்குக் கிளம்பாமல், அவருடைய பழைய நேரத்துக்கே கிளம்புங்கள்.